ஒலிக்க மறுக்கும் யாழ்

திருகோணமலையில் கணனித்துறையிலும் இசையிலும் ஒருசேர நாட்டங்கொண்ட இளைஞர்கள் சிலர் அவ்வப்போது என்னுடன் உரையாடுவதுண்டு. அண்மைக்காலமாக அவர்களிடமிருந்து ஒரே முறைப்பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். "கோட் எல்லாம் சரியா இருக்கு சேர், ஆனா பில்ட் ஆகுதில்லை" என்பதே அது. இதனை வெறும் தொழில்நுட்ப முறைப்பாடு என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. தமிழ் பேசும் சமூகம் தன் பங்குக்குச் செய்யாமல் விட்ட ஒரு வேலை இதன் பின்னால் இருக்கிறது என்பது எனது துணிபு.

துறை சாராத வாசகர்களுக்காக முதலில் ஒரு சிறு விளக்கம். இன்று இசைப்பதிவு பெரும்பாலும் கணனியிலேயே நிகழ்கிறது. கியூபேஸ், லொஜிக், ரீப்பர் போன்ற பெரிய மென்பொருள்களில் பாடலைப் பதிந்து தொகுக்கிறார்கள். அந்தத் தாய் மென்பொருளுக்குள் செருகிக்கொள்ளும் சிறு மென்பொருளே ஒலிச் செருகுநிரல். ஒரு செருகுநிரல் வீணையாக ஒலிக்கும். இன்னொன்று பாடகரின் குரலுக்குக் கோயில் மண்டபத்தின் எதிரொலியைச் சேர்க்கும். ஜெர்மனியின் ஸ்ரைன்பேர்க் நிறுவனம் 1996இல் விஎஸ்ரி என்ற நியமத்தை வெளியிட்டு இதற்கு வழி திறந்தது. அப்பிள் நிறுவனத்துக்கு ஓடியோ யூனிட் என்ற தனி நியமம் உண்டு. லினக்ஸ் உலகில் எல்வி2 வழக்கில் உள்ளது. 2022இல் கிளாப் என்ற திறந்த நியமமும் வந்து சேர்ந்தது. செருகுநிரல்களை எழுதுவோர் பெரும்பாலும் சி பிளஸ் பிளஸ் மொழியையும், ஒரே நிரலைப் பல நியமங்களுக்கு ஆக்கித்தரும் ஜூஸ் என்ற சட்டகத்தையும் கையாளுகிறார்கள்.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். சுவாமி விபுலாநந்தர் திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்திய காலம் ஒன்றிருந்தது. விஞ்ஞானப் பட்டதாரியான அவர், வழக்கொழிந்துபோன யாழைச் சிலப்பதிகாரத்தின் துணையோடும் கணிதத்தின் துணையோடும் மீட்டெடுக்க முயன்றார். அம்முயற்சியின் கனியான 'யாழ் நூல்', அவர் மறைந்த ஆண்டாகிய 1947இல் அரங்கேறியது. ஒரு தானத்தை இருபத்திரண்டு அலகாகக் கொள்ளும் பண்டைய இசைக்கணக்கு அந்நூலின் ஆதாரங்களுள் ஒன்று. இன்றைய மின்விசைப்பலகைகளோ தானத்தைப் பன்னிரண்டு சம கூறுகளாக்கி வைத்திருக்கின்றன. ஓர் அரைச்சுரத்தை நூறு சென்ற் எனக் கொண்டால், ஐந்துக்கு நான்கு என்ற இயற்கை விகிதத்தில் அமையும் அந்தரக் காந்தாரம் ஏறத்தாழ 386 சென்ற்றில் நிற்க வேண்டும். விசைப்பலகை அதனை 400இல் நிறுத்துகிறது. பழகிய செவிக்கு இந்த 14 சென்ற் வேறுபாடு நன்றாகவே கேட்கும்.

ஆகவே, யாழ் நூலின் கணக்குப்படி சுரம் எழுப்பும் செருகுநிரலொன்றை ஆக்க விரும்பும் இளைஞனின் ஆசை சிறுபிள்ளைத்தனமானதன்று. அவனுக்கு வேண்டிய கணிதம் பெருக்கலும் வகுத்தலுமே. அந்தக் கணக்கை அவன் ஒரு மாலைப்பொழுதில் எழுதி முடித்துவிடுகிறான். பின்னர் இரண்டு வாரங்கள் கம்பைலர் எனப்படும் தொகுப்பியோடு மல்லுக்கட்டி, ஈற்றில் கைவிட்டுவிடுகிறான். கோணேசர் கோயில் மணி, கூத்து மத்தளம், உடுக்கு, கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல் ஆகியவற்றை ஒலிக்களஞ்சியமாக்க எண்ணுபவர்களுக்கும் இதே கதிதான்.

அவனைத் தடுப்பது எது? நான் கேட்டறிந்தும் படித்தறிந்தும் கொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். எழுதிய நிரல் ஒலியாக மாறுமுன் ஐந்து வாசல்களைக் கடக்க வேண்டும்: அமைவு, தொகுப்பு, இணைப்பு, ஏற்றம், இயக்கம். எந்த வாசலில் நிற்கிறோம் என்று அறியாமல் வைத்தியம் பார்ப்பதே முதற்கோணல்.

முதலாவது, அமைவு. சிமேக் என்ற கருவி கணனியில் எந்தத் தொகுப்பி இருக்கிறது, எந்த நூலகங்கள் இருக்கின்றன என்று தேடிக் குறித்துக்கொள்ளும் கட்டம் இது. விசுவல் ஸ்ரூடியோ கோட் என்பதை நிறுவிவிட்டுத் தொகுப்பியும் அதனுள் இருக்கிறது என்று நம்பியிருப்பவர் பலர். அது நிரல் எழுதும் செயலி மட்டுமே. விசுவல் ஸ்ரூடியோ என்ற பெரிய பொதியையே நிறுவினாலும், அதன் நிறுவலின்போது சி பிளஸ் பிளஸ் பகுதியைத் தெரிவு செய்யாவிட்டால் தொகுப்பி வந்து சேராது. லினக்ஸில் அல்சா ஒலி நூலகம் இருந்தாலும் அதன் மேம்பாட்டுப் பொதி இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும். இன்னொன்றும் உண்டு. சிமேக் தான் முதலிற் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். பிழையை நீங்கள் திருத்திய பின்னரும் பழைய குறிப்பையே அது படித்துக்கொண்டிருக்கக்கூடும். கட்டுமானக் கோப்புறையை முற்றாக அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே அதற்கு மருந்து.

இரண்டாவது, தொகுப்பு. தலைப்புக் கோப்பைக் காணவில்லை என்பதும், மொழியின் பதிப்பு பழையது என்பதும் இங்கே வழக்கமான பிழைகள். ஜூஸின் அண்மைய பதிப்புகள் சி பிளஸ் பிளஸ் 17 நியமத்தைக் கேட்கின்றன; தொகுப்பியிடம் அதைச் சொல்லியாக வேண்டும்.

தமிழருக்கென்றே அமைந்த சிக்கல் ஒன்றும் இவ்வாசலில் நிற்கிறது. செருகுநிரலின் முகப்பில் 'சுருதி', 'எதிரொலி' என்று தமிழில் எழுத விரும்பினால், மைக்ரோசொப்ட் தொகுப்பி அந்தக் கோப்பைக் கணனியின் பழைய குறிமுறைப்படி வாசித்து எழுத்துகளைக் குதறிவிடலாம். யுரிஎப்-8 என்ற தெரிவை அமைவிற் சேர்த்தால் இக்குறை தீரும். அதன் பின்னரும் ஜூஸின் எழுத்துச்சர வகை சாதாரண மேற்கோள்குறிக்குள் ஆங்கில எழுத்துகளையே எதிர்பார்க்கிறது. தமிழ்ச் சரத்தை யுரிஎப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் ஹார்ப்பஸ் நூலகம் 2024இல் வந்த ஜூஸ் 8ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. ஒற்றைக்கொம்பும் அரவும் தத்தம் இடத்தில் நிற்க வேண்டுமெனில் பழைய பதிப்பை விட்டு அதற்கு மாறுவதே நன்று.

மூன்றாவது, இணைப்பு. தொகுப்பி துண்டு துண்டாக ஆக்கித் தந்தவற்றை இணைப்பி ஒன்றாகக் கோக்கிறது. 'தீர்க்கப்படாத வெளிக்குறியீடு' என்ற பொருளில் அது முறையிட்டால், நிரலில் அழைக்கப்பட்ட ஒன்று எந்த நூலகத்திலும் கிடைக்கவில்லை என்பது கருத்து. விண்டோஸில் எல்என்கே 2038 என்ற பிழை எண் பிரசித்தமானது. ஒரு பகுதி எம்டி என்ற தெரிவுடனும் இன்னொரு பகுதி எம்ரி என்ற தெரிவுடனும் ஆக்கப்பட்டால் அது தோன்றும். முன்னது இயக்கநேர நூலகத்தை வெளியே வைத்திருக்கும். பின்னது அதை உள்ளேயே அடக்கிக்கொள்ளும். இரண்டில் ஒன்றை எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவாக வைப்பதே தீர்வு. நிரலின் ஒரு வரியையும் தொட வேண்டியதில்லை.

நான்காவது, ஏற்றம். பிழைச்செய்தி எதுவும் வராமலே ஆளை மயக்குவது இந்த வாசல்தான். செருகுநிரல் ஆகிவிட்டது, ஆனால் தாய் மென்பொருளின் பட்டியலில் அதனைக் காணவில்லை. 32 பிட்டுக்கு ஆக்கிய செருகுநிரலை 64 பிட் மென்பொருள் தானாக ஏற்காது. அப்பிள் 2020இல் தன் சொந்தச் செயலிக்கு மாறிய பின்னர், பழைய இன்ரெல் மக் கணனிக்கும் புதியதற்கும் பொருந்தும்படி இரண்டையும் அடக்கிய பொதுக்கோப்பை ஆக்க வேண்டியிருக்கிறது. எம்டி தெரிவில் ஆக்கிய செருகுநிரல் ஆக்கியவரின் கணனியில் இயங்கும். விசுவல் சி பிளஸ் பிளஸ் இயக்கநேரப் பொதி இல்லாத நண்பரின் கணனியில் இயங்காது. விண்டோஸில் விஎஸ்ரி3 கோப்புகள் வைக்கப்படும் பொதுக்கோப்புறையில் எழுத நிர்வாகி அனுமதி வேண்டும். அவ்வனுமதி இல்லாமல் ஈற்றில் நகலெடுக்கும் படி தோல்வியுற, எம்எஸ்பி 3073 என்ற சிவப்பு வரி தோன்றும். செருகுநிரல் சரியாக ஆகியிருக்கும். நகலெடுத்தல் மட்டுமே தவறியிருக்கும். இதனைத் தொகுப்புப் பிழை என்றெண்ணி நல்ல நிரலைப் பிரித்து மேய்பவர்களைக் கண்டால் மனம் வருந்துகிறது.

ஐந்தாவது, இயக்கம். செருகுநிரல் ஒலிக்கிறது, ஆனால் 'பட பட' என்று வெடிக்கிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில், 128 மாதிரிகள் கொண்ட ஒரு தொகுதியைக் கணித்து முடிக்க ஏறத்தாழ 2.7 மில்லிசெக்கன் மட்டுமே அவகாசம். பிழைதேடும் முறையில் ஆக்கப்பட்ட நிரல் மெதுவாகவே ஓடும். அந்த அவகாசத்துக்குள் முடிக்க அதனால் இயலாமற் போகலாம். வெளியீட்டு முறைக்கு மாற்றினாலே வெடிப்பு அடங்கிவிடுவதுண்டு. மேலும் வேகம் வேண்டி 'பாஸ்ட் மாத்' என்ற தெரிவைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பவர்களும் உளர். எண் அல்லாத பெறுமானம் என்று ஒன்று வராது என அத்தெரிவு தொகுப்பிக்கு வாக்குறுதி அளித்துவிடுகிறது. அதனை நம்பித் தொகுப்பி, நீங்கள் எழுதி வைத்த பாதுகாப்புச் சோதனையையே நீக்கிவிடக்கூடும். இதைவிடக் கொடுமை, ஜிசிசி தொகுப்பியின் பழைய பதிப்புகளில் இத்தெரிவோடு ஆக்கிய ஒரு செருகுநிரல் ஏற்றப்பட்ட மாத்திரத்தில் தாய் மென்பொருளின் மிதவைப்புள்ளிக் கணக்கு முறையையே மாற்றிவிடக்கூடியதாக இருந்தது. 2023இல் வெளியான 13ஆம் பதிப்பில்தான் பகிர்நூலகங்களுக்கு அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. ஒரு வீட்டில் போட்ட சுவிட்சு ஊர் முழுவதன் விளக்கையும் மங்கச் செய்தது போன்றது இது.

இவ்வளவையும் ஏன் விரித்தேன் என்றால், ஐந்து வாசல்களிலும் நிரலின் தருக்கத்தில் பிழை ஏதும் இல்லை என்பதைக் காட்டுவதற்காகவே. நிரலைச் சூழ்ந்திருக்கும் அமைவிலேயே பிழை. ஆனால் நமது மாணவர்களுக்கு நாம் கற்பிப்பது நிரலை மட்டுமே. உயர்தரப் பாடத்திட்டத்தில் பைதன் மொழி இருக்கிறது. அங்கே எழுதியதை உடனே இயக்கிப் பார்க்கலாம். தொகுப்பது, இணைப்பது என்ற தொல்லைகளை மாணவன் சந்திப்பதில்லை. அதனால் முதன்முதலாகச் சிவப்பு வரிகள் நூறு திரையில் ஓடும்போது, தனக்கு அறிவு போதாது என்ற முடிவுக்கு அவன் வந்துவிடுகிறான். இதுதான் என் கவலை. திறமை குன்றியவன் கைவிட்டால் அது இயல்பு. திறமையுள்ளவன், தன் திறமையோடு தொடர்பே இல்லாத காரணத்துக்காகக் கைவிடுவது சமூகத்துக்கு இழப்பு.

பத்திரிகைத் தொழிலில் ஊறியவர்களுக்கு இந்நிலைமை புதியதன்று. எழுத்தாளன் சரியாக எழுதியது அச்சில் பிழையாக வருவதை நாம் ஈய அச்சுக் காலத்திலேயே கண்டோம். கணனி வந்த பின் அது வேறு உருவம் எடுத்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த செய்தி, அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் கிடந்தது. தகுதரத்தில் எழுதியதை யுனிகோட்டில் திறந்தவர்களும் திகைத்தனர். கட்டுரையில் குற்றமில்லை, அதனை வாசிக்கும் அட்டவணையே வேறு. சாராம்சத்தில் அதுவும் ஓர் அமைவுச் சிக்கலே.

அந்தச் சிக்கலை நாம் எவ்வாறு தீர்த்தோம் என்பதை வலைப்பதிவுகளின் தொடக்க காலத்து வாசகர்கள் அறிவர். அரசாங்கம் வந்து தீர்க்கவில்லை. பொங்குதமிழ் எழுத்துரு மாற்றி போன்றவற்றைத் தன்னார்வலர்கள் ஆக்கி இலவசமாகத் தந்தனர். எ-கலப்பையை எவ்வாறு நிறுவுவது, எந்தப் பெட்டியில் சொடுக்குவது என்று படிப்படியாகத் தமிழிலேயே எழுதி வைத்தனர். ரொறன்ரோவிலும் சிட்னியிலும் ஒஸ்லோவிலும் இருந்த தமிழர்கள் அக்குறிப்புகளைப் படித்தே யுனிகோட்டுக்கு வந்தனர். அன்று செய்த காரியத்தை இன்று ஏன் செய்ய முடியாது என்பதே என் வினா.

இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, 'இவற்றையெல்லாம் காசு கொடுத்து வாங்கலாமே' என்பது. வாங்கலாம். ஆனால் விற்பனைக்கு வரும் 'இந்திய வாத்தியத்' தொகுப்புகளில் சித்தாரும் தபேலாவும் கிடைப்பது போல நமது கூத்து மத்தளம் கிடைப்பதில்லை. நமது ஒலிக்கு உலகச் சந்தையில் பெரிய கேள்வி இல்லை; கேள்வி இல்லாததை வேற்றார் நமக்காக ஆக்கித் தருவார் என்று காத்திருப்பது கொக்கு தலையில் வெண்ணெய் வைத்த கதை.

இரண்டாவது, 'இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே, அதனிடம் கேட்டால் சொல்லிவிடுமே' என்பது. சொல்லும், பல வேளைகளில் சரியாகவே சொல்லும். ஆனால் எந்த வாசலில் நிற்கிறோம், எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறோம் என்பதைக் கேட்பவன் சொல்ல வேண்டும். அது தெரியாதவனுக்குக் கிடைக்கும் விடை பழைய பதிப்புக்கு உரியதாக இருக்கலாம். விஎஸ்ரி2 நியமத்துக்குப் புதிய உரிமம் வழங்குவதை ஸ்ரைன்பேர்க் 2018இல் நிறுத்திவிட்டது. ஆயினும் அதற்கான பழைய வழிகாட்டல்கள் இணையமெங்கும் கிடக்கின்றன. அவற்றை நம்பிப் புறப்பட்டவன் மூடிய கதவில் முட்டிக்கொண்டு நிற்பான். நோயைச் சொல்லத் தெரிந்தவனுக்கே நல்ல வைத்தியன் பயன்படுவான்.

குறை சொல்வதோடு நிறுத்துவது பத்திரிகையாளனுக்கு எளிது. ஆதலால் நடைமுறைக்கு உகந்த நான்கு யோசனைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, சிக்கலை அணுகும் ஒழுங்கைக் கற்பிக்க வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் தனியார் கணனி வகுப்புகளிலும் இதற்கு ஒரு வார இறுதி போதும். திரையில் ஓடும் நூறு பிழைகளில் முதலாவதை மட்டும் படி. மற்றவை பெரும்பாலும் அதன் குட்டிகள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. சொந்த நிரலைத் தொடுமுன், சட்டகத்தோடு வரும் மாதிரிச் செருகுநிரலை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஆக்கிப் பார். அது ஆகாவிட்டால் குற்றம் உன் நிரலில் இல்லை. ஆக்கிய செருகுநிரலைத் தாய் மென்பொருளில் ஏற்றுமுன் பிளகின்வால் போன்ற இலவசச் சோதனைக் கருவியில் இட்டுப் பார். இவ்வளவுதான் பாடம்.

இரண்டு, பிழைகளுக்கு ஒரு தமிழ்க் கையேடு வேண்டும். ஒவ்வொரு பிழைச்செய்தியையும் அது திரையில் தோன்றும் வடிவிலேயே தலைப்பாக இட்டு, கீழே காரணத்தையும் தீர்வையும் இயங்குதளத்தையும் பதிப்பு எண்ணையும் தமிழில் எழுத வேண்டும். பதிப்பு எண் இல்லாத குறிப்பு திகதி இல்லாத செய்தி போன்றது. சில காலத்தின் பின் எவருக்கும் பயன்படாது. சிக்கலைத் தீர்த்தவர் அன்றிரவே பத்து வரி எழுதி வைத்தால், அடுத்தவருடைய இரண்டு வாரங்கள் மிஞ்சும்.

மூன்று, மக் கணனி இல்லை என்பது தடையாகக் கூடாது. திறந்த மூலத் திட்டங்களுக்கு கிட்ஹப் தளம் விண்டோஸ், லினக்ஸ், மக் ஆகிய மூன்றிலும் செருகுநிரலை ஆக்கித்தரும் தானியங்கி வசதியை இலவசமாக வழங்குகிறது. திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு பழைய மடிக்கணனியோடு இருப்பவர், லண்டனில் உள்ளவரின் புதிய மக் கணனிக்கு ஏற்ற கோப்பை இதன்மூலம் ஆக்க முடியும். தூய்மையான ஒரு கணனியில் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவதால், 'எனது கணனியில் ஓடுகிறதே' என்ற சாட்டும் எடுபடாது.

நான்கு, புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். மக் கணனிகளில் எச்சரிக்கையின்றித் திறக்கும்படி ஒரு செருகுநிரலை வெளியிட, அப்பிளின் மேம்பாட்டாளர் திட்டத்தில் சேர்ந்து கையொப்பம் பெற வேண்டும். அதற்கு ஆண்டுக்கு 99 அமெரிக்க டொலர் ஆகிறது. இலங்கை மாணவனுக்கு அது பெருந்தொகை. உங்கள் ஊர்ச்சங்கத்துக்கு ஓர் இராப்போசன நுழைவுச்சீட்டின் விலை. பழைய மாணவர் சங்கங்கள் மண்டபம் கட்டவும் மதில் கட்டவும் தரும் நிதியில் ஒரு துளியை இதற்கு ஒதுக்கினால், அதன் பயன் மதிலைக் காட்டிலும் நெடுந்தூரம் செல்லும்.

1980களில் ஜெர்மனியின் டொய்ச்சே வெல்லே வானொலி, தன் ஒலியை ஆசியாவெங்கும் பரப்ப அஞ்சல் நிலையம் அமைக்கத் தேர்ந்த இடம் திருகோணமலை. பின்னர் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. பிறர் குரலை நெடுந்தொலைவு கொண்டு செல்ல இந்த ஊர் உதவியது. தன் குரலைக் கொண்டு செல்ல இப்போது பெரிய கோபுரங்களும் பெருமுதலும் தேவையில்லை. சரியாக அமைக்கப்பட்ட ஒரு தொகுப்பியும் அதனை அமைக்கச் சொல்லித்தரும் நாலு பேரும் போதும். தொகுப்பி இலவசமாகவே கிடைக்கிறது. அந்த நாலு பேராக இருக்கத்தக்கவர்கள் இப்பதிவை வாசிப்போரிடையே நிச்சயம் உளர். தாம் அண்மையில் தீர்த்த ஒரு பிழையை, அதன் பதிப்பு எண்ணோடு, தமிழில் எழுதி வைப்பதிலிருந்து அவர்கள் தொடங்கலாம்.